வருடக் கடைசியில் வாசலைச் சிவக்க வைக்கும் செடிகள்

நம்மில் பலருடைய காம்பராச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். அதில் ஒரு மாதத்துப் படத்திலாவது காடு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். ஜப்பான், கனடா, இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளின் இலையுதிர் காலப் படம் அது. "அங்க மட்டும் இலை இப்படிச் சிவக்குது, நம்ம மலையில ஏன் வருஷம் பூரா ஒரே பச்சை?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். அதற்குப் பதிலைத் தெரிந்துகொண்டால், நம்ம வாசலிலும் வருடக் கடைசியில் நிறம் கொண்டுவர முடியும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் எந்தச் செடியை எங்கே நடுவது, எதை நடவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது அவசியம்.

அங்கே இலை ஏன் சிவக்கிறது?

இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது பச்சையம். வெயிலைப் பிடித்துச் செடிக்குச் சாப்பாடு செய்வது அதுதான். இலைக்குள் மஞ்சள் நிறமும் எப்போதும் இருக்கிறது. பச்சை அதிகமாக இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குளிர் நாடுகளில் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் பகல் வேகமாகக் குறையும், குளிர் ஏறும். மரம் தன் இலையில் உள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பச்சையத்தைக் கரைத்துவிடும். அப்போது உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால், சில மரங்கள் புதிதாகச் சிவப்பு நிறத்தையும் உண்டாக்கும். அதன் பிறகு இலை உதிரும்.

நம்ம நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் நமக்கு உள்ள வித்தியாசம் சுமார் 50 நிமிடம்தான். அதனால் இங்கே மலை முழுவதும் ஒரே நேரத்தில் சிவப்பதில்லை. என்றாலும் நமக்கும் நிறம் உண்டு. அது மூன்று வழியில் வருகிறது.

முதலாவது, சில மரங்களின் இலை விழுமுன் சிவக்கும். கீழ்நாட்டில் கொட்டாங்காய் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். சிங்களத்தில் கொட்டம்பா என்பார்கள். அதன் பெரிய இலைகள் சிவந்த பிறகுதான் விழும்.

இரண்டாவது, இலை பிறக்கும்போதே சிவப்பாக வருவது. கறுவாக் கொழுந்தும், நம் தேசிய மரமான நா மரத்தின் கொழுந்தும் அப்படித்தான். முதலில் சிவந்து, முற்ற முற்றப் பச்சையாகும். குளிர் நாட்டில் இலை சாகும்போது சிவக்கிறது. நம்ம நாட்டில் பல இலை பிறக்கும்போது சிவக்கிறது.

மூன்றாவது, இரவு நீளும்போது சிவக்கும் செடி. வருடக் கடைசிக்கு நமக்கு மிகவும் உதவுவது இதுதான். பொயின்செட்டியா என்று பெயர். நத்தார் காலத்தில் சிவப்பதால் கிறிஸ்மஸ் செடி என்றும் சொல்வார்கள்.

பொயின்செட்டியா: ஏன் சில வீட்டில் மட்டும் சிவக்கவில்லை?

இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிக்கோ. நாம் சிவப்புப் பூ என்று நினைப்பது உண்மையில் பூ இல்லை, இலை. நடுவில் மஞ்சளாகச் சின்னச் சின்னதாக இருப்பதுதான் பூ. அதைச் சுற்றியுள்ள நுனி இலைகள்தான் சிவக்கின்றன.

ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நம் நாட்டில் இரவு பகலை விட நீளத் தொடங்குகிறது. வித்தியாசம் சில நிமிடம்தான். மனிதருக்குத் தெரியாது, ஆனால் இந்தச் செடிக்குத் தெரியும். தொடர்ந்து சுமார் எட்டுக் கிழமைக்கு நீண்ட இருட்டு கிடைத்தால் நுனி இலை சிவக்கும். தீபாவளி முடிந்த பிறகு நிறம் ஏறத் தொடங்கி, நத்தாருக்கு நன்றாகச் சிவந்து, தைப்பொங்கல் தாண்டியும் நிற்கும்.

"பக்கத்து வீட்டுச் செடி சிவந்து நிக்குது, நம்ம செடி மட்டும் பச்சையாவே இருக்கு" என்று சிலர் குறைப்படுவார்கள். அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, இரவில் வெளிச்சம். வாசல் பல்ப் விடிய விடிய எரிந்தாலும், பக்கத்தில் தெருவிளக்கு இருந்தாலும், செடிக்கு இரவு வந்ததே தெரியாது. ஒரே செடியில் விளக்குப் பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் இருப்பதைக் கூடக் காணலாம். ஆகவே லயத்தின் விளக்கு இல்லாத ஓரத்தில் இதை நடுங்கள்.

மற்றது, பிந்திய கவ்வாத்து. சிவப்பது நுனிதான். செப்டெம்பர், ஒக்டோபரில் நுனியை வெட்டினால் அந்த வருடத்துச் சிவப்பு குறைந்துவிடும். ஆகஸ்ட் முடிவுக்குப் பிறகு கத்தி வைக்கக் கூடாது.

கவ்வாத்துப் பற்றி நம்ம மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தேயிலைக்குச் செய்வதைப் போலத்தான் இதற்கும். சிவப்பு விழுந்த பிறகு, மார்ச் மாதக் கடைசியில் மழை தொடங்கும்போது, நிலத்திலிருந்து ஓர் அடி அல்லது ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், தடி பிளக்கக் கூடாது. புதுக் கிளை வந்ததும் பலமான ஐந்தாறை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அவை ஐந்தாறு இலை விட்டதும் நுனியை ஒரு தடவை கிள்ளினால் கிளை பெருகும். கிளை எத்தனையோ அத்தனை சிவப்பு. கவ்வாத்துச் செய்யாமல் விட்டால் செடி எட்டுப் பத்து அடி உயரமாகப் போய், சிவப்பு கூரைக்கு மேலேதான் தெரியும்.

வெட்டும்போது வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் அரிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டிய கிளையை ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள்.

உங்கள் தோட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது?

தேயிலையை உயரம் பார்த்துப் பிரிப்பது போல, செடியையும் உயரம் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நுவரெலியாவில் நன்றாக வரும் செடி இரத்தினபுரியில் வராது. இரத்தினபுரிச் செடி நுவரெலியாவில் குளிரில் இலை கொட்டும்.

2,000 அடிக்குக் கீழே உள்ள தோட்டங்களில், அதாவது காலி, இரத்தினபுரி, கேகாலைப் பக்கங்களில், குரோட்டன் மிகவும் நல்லது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே செடியில் கிடைக்கும். இளம் இலை பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்து, முற்றும்போது சிவக்கும். ஒரு நிபந்தனை, அதற்கு வெயில் வேண்டும். நிழலில் நட்டால் பச்சையாகவே நின்றுவிடும். இந்தப் பக்கங்களில் வேலியோரத்தில் இரண்டு கறுவாச் செடியும் வைக்கலாம். அதை உயரவிடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் சிவப்புக் கொழுந்து விடும். பட்டையும் வீட்டுக்கு உதவும்.

2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடையில் உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டம். குரோட்டனும் ஓரளவு வரும், பொயின்செட்டியாவும் நன்றாகச் சிவக்கும். செம்பு நிற இலையுள்ள அகலிபா வேலிக்கு ஏற்றது. கம்பை வெட்டிக் குத்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். கருஞ்சிவப்பு நீள இலையுள்ள கோர்டிலைன் செடியும் இந்த உயரத்துக்கு நல்லது. அது அதிகம் பரவாது, அதனால் இடம் குறைந்த வாசலுக்குப் பொருத்தம்.

4,000 அடிக்கு மேலே, நுவரெலியா, தலவாக்கலை, ஹப்புத்தளை போன்ற இடங்களில், குரோட்டனுக்கு ஆசைப்பட வேண்டாம். பொயின்செட்டியாவைக் காற்று அடிக்காத சுவரோரத்தில் நடுங்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலையில் உறைபனி விழும். குளிர் காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும். அதனால் பள்ளத்தில் உள்ள செடி கருகும், மேட்டில் உள்ளது தப்பும். இந்த உயரத்துக்கு மரத்தக்காளியும் ஏற்றது. சிவந்த பழம் கொத்தாகத் தொங்குவது பார்க்கவும் அழகு, சம்பலுக்கும் உதவும்.

மண்ணுக்கு ஏற்ப நிறம் மாறும் ஐதரேஞ்சியா

உயர்ந்த மலைகளில் துரை பங்களா வாசல்களில் பந்து பந்தாக நீலப் பூப் பூக்கும் செடியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஐதரேஞ்சியா. அதன் நீலம் மண்ணிலிருந்து வருகிறது.

தேயிலைக்குப் புளிப்புத்தன்மை உள்ள மண் வேண்டும். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியச் சத்துக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். ஐதரேஞ்சியா அதை எடுத்துக்கொண்டால் பூ நீலமாகும். மண்ணில் டொலமைட்டோ சுண்ணாம்போ சேர்ந்தால் புளிப்புக் குறையும், பூ ரோசா நிறமாகும். வீடு கட்டிய சீமெந்துக் கழிவு கொட்டிய இடத்தில் நட்ட செடி ரோசாவாகவும், தேயிலை ஓரத்தில் நட்டது நீலமாகவும் பூப்பது இதனால்தான். பூ பழசாகும்போது உடனே உதிராது. பச்சையும் கருஞ்சிவப்புமாக நிறம் மாறிப் பல கிழமை செடியிலேயே நிற்கும். இலையுதிர் காலத்து நிறத்துக்கு ரொம்பவும் நெருக்கமானது இது. பூ முடிந்த உடனே, பூத்த நுனியை மட்டும் வெட்டுங்கள். பிந்தி வெட்டினால் அடுத்த பூ போய்விடும். இலையும் பூவும் வாயில் வைக்கக் கூடாதவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மேலே சொன்ன செடிகளை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் நுவரெலியாப் பக்கம் பயணம் போகும்போது ஹக்கல தாவரவியற் பூங்காவுக்குப் போகலாம். சிங்கோனா வளர்ப்பதற்காக 1861 இல் தொடங்கிய தோட்டம் அது. குளிர்ப் பிரதேசத்துப் பூஞ்செடிகள் பல அங்கே இருக்கின்றன.

வாசலில் நடக் கூடாத செடிகள்

பெற்றோர் இரண்டு பேரும் மலைக்குப் போன பிறகு, பிள்ளை மடுவத்தில் இல்லாத பிள்ளைகள் வாசலில்தான் விளையாடும். சட்டிப் பானை விளையாட்டில் இலையும் பூவும் விதையும்தான் சோறு கறி. ஒன்றிரண்டு வாய்க்கும் போகும். ஆகவே கீழே சொல்லும் செடிகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசலில் வேண்டாம்.

மணி போலத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூ, செம்மஞ்சள் பூ உள்ள செடி உயர்ந்த மலைகளில் ரோட்டோரத்திலும் ஆற்றோரத்திலும் நிறைய நிற்கும். இது ஊமத்தையின் உறவு. பூ, இலை, விதை எல்லாமே நஞ்சு. வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, நினைவு தடுமாறும். உயிருக்கே ஆபத்து வரலாம்.

அலரி, மஞ்சள் பூவானாலும் சிவப்புப் பூவானாலும், இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் அலரி விதையால் நம் நாட்டில் எத்தனையோ உயிர் போயிருக்கிறது. வீட்டில் ஒருவர் மனம் நொந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் அந்த விதை இருக்கவே கூடாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நாயுண்ணி, பல நிறப் பூவும் கறுப்புப் பழமும் உள்ளது. அதன் காய் பிள்ளைகளுக்கு ஆகாது. இலையைத் தின்ற மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஈரல் கெடும், வெயில் பட்டால் தோல் புண்ணாகும். பால் மாடு வளர்க்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். காடு முழுக்கப் பரவுகிற செடி அது, நாமும் நட்டு வளர்க்க வேண்டியதில்லை.

பிள்ளை எதையாவது தின்றுவிட்டால் பதறாமல் இப்படிச் செய்யுங்கள். வாயில் உள்ளதை விரலால் எடுத்துவிட்டு, வாயைக் கழுவுங்கள். விரல் விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தின்ற செடியின் கிளை ஒன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். செடியைப் பார்த்தால்தான் டாக்டருக்கு என்ன நஞ்சு என்று தெரியும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேல் டிவிசனில் இருப்பவர்கள் அதற்கிடையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் சொல்லி அனுப்புங்கள். கண்ணில் செடிப்பால் பட்டால் சுத்தத் தண்ணீரால் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கே நடுவது?

"பூஞ்செடி சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. லயத்து வாசல் சில அடிதான். புது வீடு கிடைத்தவர்களுக்கும் வீட்டோடு சேர்த்துச் சின்னக் காணிதான். அதில் கீரையும் போஞ்சியும் வல்லாரையும்தான் முதலில் வர வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. நிறச் செடிக்கு நடு நிலம் வேண்டாம், ஓரம் போதும். வேலியாக நின்றால் மரக்கறிப் பாத்திக்குள் கோழி வராமலும் அது பார்த்துக்கொள்ளும்.

ஜன்னலுக்கு முன்னால் உயரச் செடி நட வேண்டாம். காம்பராவுக்கு வெளிச்சமும் காற்றும் குறைவு, உள்ளதையும் மறைக்கக் கூடாது. இளைப்பு உள்ளவர்கள் வீட்டில் இது முக்கியம். சுவரிலிருந்து நாலடியாவது தள்ளி நடுங்கள்.

கானுக்குள்ளும் கான் ஓரத்திலும் நடாதீர்கள். வேரும் இலையும் கானை அடைத்தால் மழைத் தண்ணீர் லயத்துக்குள் வரும். வாசல் எல்லாருக்கும் பொது என்பதால், பக்கத்துக் காம்பராக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுவது சண்டையைத் தவிர்க்கும்.

பின்பக்க மண்மேட்டை வெட்டிப் பாத்தி எடுக்கவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. செடியின் வேர் மேல் மண்ணை அரிக்காமல் பிடிக்கும், அவ்வளவுதான். மலை சரிவதை எந்தச் செடியும் தடுக்காது. மேட்டின் ஓரத்தில் வெட்டிவேரோ சேரைப் புல்லோ வரிசையாக வையுங்கள். மேட்டில் வெடிப்புக் கண்டாலோ, மரம் சாய்ந்தாலோ, புது இடத்தில் சேற்றுத் தண்ணீர் ஊறினாலோ, செடியை மறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறி, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவியுங்கள்.

கம்பிலிருந்து கன்று

இந்தச் செடிகளைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய வேலை.

1. பென்சில் அளவு தடிப்புள்ள, முற்றிய கம்பை ஆறு முதல் எட்டு அங்குலம் வெட்டுங்கள். கீழ்ப்பக்கம் கணுவுக்குக் கீழே இருக்கட்டும்.

2. பால் வடியும் பொயின்செட்டியாக் கம்பை ஒரு நாள் நிழலில் வைத்துக் காயவிட்டு நடுங்கள். இல்லாவிட்டால் அழுகும். கோர்டிலைன் தண்டை நாலைந்து அங்குலத் துண்டாக வெட்டி, மண்ணில் பாதி புதையப் படுக்க வைத்தால் போதும்.

3. மண்ணும் மணலும் மக்கிய குப்பையும் கலந்து பையில் நிரப்புங்கள். பையின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும்.

4. கம்பில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். சேறாக்கவும் கூடாது.

5. வேர் பிடித்துப் புது இலை வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி நிலத்தில் நடுங்கள். குழி ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலம் போதும். ஒரு கூடை மக்கிய சாணம் போடுங்கள்.

தகரம், போத்தல், டயர் ஆகியவற்றில் வைப்பவர்கள் கிழமைக்கு ஒரு தடவை தண்ணீர் தேங்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெங்கு நுளம்புக்கு அந்தத் தண்ணீர் போதும். மருந்து வந்த கேனைத் தண்ணீர் ஊற்றக் கூட வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

நடும் காலம் இடத்துக்கு இடம் மாறும். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் போன்ற மேற்குப் பக்கத் தோட்டங்களில் மே கடைசி, ஜூன் மழையோடு நடலாம். அடைமழையில் கன்று அடித்துப் போகாமல் குச்சி கட்டுங்கள். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரட்சி, அங்கே ஒக்டோபர் மழையோடு நடுவதே சரி. மார்ச் கவ்வாத்தில் விழும் கம்பை வீணாக்காமல் அப்போதே பையில் வைத்துவிட்டால், இரண்டு பக்கத்துக்கும் கன்று தயாராக இருக்கும்.

ஒரு லயத்தில் ஒருவரிடம் பொயின்செட்டியா இருந்தால், ஒரே கவ்வாத்தில் பத்து வீட்டுக்குக் கம்பு கிடைக்கும். மாதர் சங்கமும் பிள்ளை மடுவப் பொறுப்பாளரும் சேர்ந்து, மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பு மாற்றும் நாளாக வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே வாசல்களைச் சுற்றிப் பார்த்து, மேலே சொன்ன நஞ்சுச் செடிகள் இருந்தால் எல்லாரும் கூடிப் பிடுங்கி, பிள்ளைகளும் ஆடு மாடும் போகாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். இடம் ஒழிந்த அந்த மூலையிலேயே புதுக் கம்பை நட்டால், நத்தாருக்கும் பொங்கலுக்கும் வாசல் தானாகச் சிவக்கும்.